பாட்டி கதை சொல்லும்போது ஓடும் மிக்ஸி

சிடி பிளேயருக்குப் போன வாரம் லென்ஸ் மாற்றினேன். சரியாக ஓடுகிறதா என்று பார்க்க முதலில் கைக்கு வந்த தட்டு அமெரிக்கக் கன்ட்ரி (நாட்டுப்புற வழி) பாடகி லொரெட்டா லின்னின் ‘வான் லியர் ரோஸ்’. வீட்டுக்கு வந்திருந்த நண்பர் அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "வாங்கலாமா?" என்று கேட்டார். பதினைந்து வருடத்துக்கும் மேலாகக் கேட்டுவருகிறேன். சட்டென்று பதில் வரவில்லை.

2004இல் வந்தது. அந்த அம்மாளுக்கு அப்போது 72 வயது. 13 பாட்டுகளும் அவர் எழுதியவை. இரண்டு கிராமி விருதுகள். இதெல்லாம் ஊருக்கே தெரிந்த கதை. என் பிரச்சினை தயாரிப்பாளர் ஜாக் ஒயிட், ராக் இசைக்காரர். மனிதருக்குக் கிட்டாரைக் கீழே வைக்கத் தெரியாது.

இரண்டாவது பாட்டில் அம்மாள் வாய் திறப்பதற்குள் கிட்டார் ஒரு நிமிடத்துக்கும் மேல் முறுக்கிக்கொண்டே இருக்கும். "பிளேயர் மறுபடியும் கெட்டுவிட்டதா?" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. அதையாவது மன்னித்துவிடலாம். குரல் வந்ததும் எல்லாம் சரியாகிவிடுகிறது. பேரன் வயது ஒயிட்டோடு சேர்ந்து மதுக்கடைக் காதலைப் பாடுகிறோமே என்ற கூச்சம் துளியும் இல்லை. நான்காவது பாட்டில் புருஷனை வளைத்துப்போட்டவளின் வீட்டு வாசலில் பிள்ளைகளோடு போய் நிற்கிறார். அங்கே ஒயிட்டும் அடக்கமாகவே இருக்கிறார்.

மன்னிக்க முடியாதது ஏழாவது. அதில் அவர் பாடுவதில்லை, பேசுகிறார். சின்ன வயதில் நோயில் கிடந்தது, ஒரு ஜோடி சிவப்புச் செருப்பு என்று நினைவுகள். அவர் பிறந்த கென்டக்கி மாநிலத்து மலைப் பேச்சு எனக்குப் பாதிதான் பிடிபடும். பிடிபடக்கூடிய அந்தப் பாதியின் மேலும் வாத்தியங்களை ஏற்றிவிட்டார் ஒயிட். பாட்டி திண்ணையில் கதை சொல்கிறாள், பக்கத்தில் ஒருவன் மிக்ஸியை ஓட்டுகிறான். ஐந்தாவது பாட்டின் இரைச்சலுக்குக் குறைத்துவைத்த சத்தத்தை ஒவ்வொரு முறையும் ஏழாவதில் எழுந்துபோய்க் கூட்டுகிறேன். கூட்டினால் மிக்ஸியும் சேர்ந்து கூடுகிறது. இன்றுவரை அந்தக் கதையை முழுதாகக் கேட்டதில்லை. 2022இல் அந்த அம்மாளும் போய்விட்டார்.

மரியாதை இல்லாமல் செய்தது என்றும் சொல்ல முடியாது. 2001இலேயே தன் குழுவின் இசைத்தொகுப்பு ஒன்றை அவருக்குக் காணிக்கையாக்கியவர் இந்த ஒயிட். கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில்லின் வழக்கமான பளபளப்பைப் பூசாமல் விட்டதும் அவர்தான். அந்த அருமை பன்னிரண்டாவது பாட்டில் தெரியும். அம்மாளின் கணவர் 1996இல் இறந்துபோனார். இடக்கையில் இருந்த கல்யாண மோதிரத்தைக் கழற்றி வலக்கையில் போட்டுக்கொண்டதாகப் பாடுகிறார். அழுகை இல்லை. பாத்திரம் கழுவிக் கவிழ்த்ததைச் சொல்வதுபோல் சொல்கிறார். மெலிதாக ஒரு கிட்டார், அவ்வளவுதான். இப்படி ஒதுங்கி நிற்கத் தெரிந்தவருக்கு ஏழாவதில் என்ன கேடு வந்தது?

நண்பர் கேட்டபோது ஓடிக்கொண்டிருந்தது அந்த ஏழாவதுதான். "வாங்கவேண்டாம்" என்றேன். "அப்படியானால் இதை இரவல் கொடுங்கள், ஒரு வாரத்தில் தந்துவிடுகிறேன்" என்றார். அதுவும் முடியாது என்று சொல்லிவிட்டேன். பன்னிரண்டாவது இன்னும் வரவில்லை.