636001, 636601: காரணி பிரிக்க எந்த முறை?

சேலம் தலைமை அஞ்சலகத்தின் பின்கோடு 636001. மலையேறினால் ஏற்காடு, 636601. ஓர் இலக்கம்தான் வேறு, இரண்டுமே பகு எண்கள். ஆனால் ஒன்றைச் சட்டென்று உடைக்கும் முறை மற்றதில் திணறுகிறது.

2, 3, 5 என்று பகா எண்களால் வரிசையாக வகுத்துப் பார்ப்பது பள்ளிக்கூட முறை. ஏற்காட்டு எண்ணில் நான்காவது வகுத்தலிலேயே 7 சிக்கும், ஈவு 90943. அடுத்து 11-க்குத் தாவிவிடக் கூடாது. 7 இரண்டாம் தடவையும் வகுக்கலாம், அதைச் சோதித்துவிட்டே நகர வேண்டும். இங்கே வகுக்கவில்லை. தொடர்ந்தால் 199-இல் மீதியில்லாமல் போகும்: 7 × 199 × 457. சேலம் எண்ணிலோ 117 பகா எண்கள் மீதி வைத்த பிறகு, 118-ஆவதான 647-தான் வகுக்கிறது: 647 × 983.

பிரெஞ்சுக் கணித அறிஞர் ஃபெர்மாவின் முறையில் வகுத்தலே கிடையாது. எண்ணை இரு வர்க்கங்களின் வித்தியாசமாக எழுதிவிட்டால் காரணிகள் தாமே வந்துவிடும். 636001-இன் வர்க்கமூலம் 797.5 அளவு, ஆகவே 798-இல் தொடங்கலாம். 798² − 636001 = 803, வர்க்கமில்லை. அடுத்ததற்குப் புதிதாகப் பெருக்க வேண்டாம். 1597-ஐக் கூட்டினால் 2400, அப்புறம் 1599-ஐக் கூட்டினால் 3999. கூட்டும் எண் ஒவ்வொரு முறையும் 2 ஏறும். பதினெட்டாம் படியில் 815² − 636001 = 28224 = 168². 815-இல் 168-ஐக் கழித்தால் 647, கூட்டினால் 983.

இதையும் சுருக்கலாம். இரண்டு பின்கோடுகளும் 4-ஆல் வகுத்தாலும் 3-ஆல் வகுத்தாலும் மீதி 1 தருபவை, 1-இல் முடிபவை. எனவே வர்க்கமாக்கிப் பார்க்கும் எண்களில் இரட்டைப்படை, 3-இன் மடங்கு, 3 அல்லது 7-இல் முடிவது எல்லாவற்றையும் தள்ளிவிடலாம்; அவற்றின் வர்க்கத்தில் பின்கோடைக் கழித்தால் வர்க்கம் வரவே வராது. சேலத்துக்கு மிஞ்சுவது 799, 805, 809, 811, 815 ஆகிய ஐந்தே.

ஏற்காட்டு எண்ணில் இதே முறை 925 வரை இழுக்கும்; 128 படி, சலித்தாலும் 26. காரணம், வர்க்கமூலத்துக்கு மிக அருகில் இருக்கும் காரணிச் சோடியே 457 × 1393தான், அவ்வளவு இடைவெளி. ஆகவே ஆறிலக்க எண் எதுவானாலும் முதலில் 47 வரை வகுத்துவிட்டு, பிறகு இருபது படி ஃபெர்மா போட்டுப் பார்ப்பதே நல்லது.

கணினி கையில் இருந்தால் கணித அறிஞர் ஜான் போலார்டு 1974-இல் தந்த முறையும் உண்டு. 2-இல் தொடங்கி, கிடைத்ததையே அடுத்தடுத்து 2, 3, 4 என அடுக்கேற்றி, ஒவ்வொரு தடவையும் பின்கோடால் வகுத்த மீதியை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். அதில் 1 கழித்து, பின்கோடோடு மீ.பொ.வ. (மீப்பெரு பொது வகுத்தி) காண வேண்டும். காரணியில் 1 குறைத்த எண் சிறு பகா எண்களாக உடைந்தால் அந்தக் காரணி சீக்கிரம் சிக்கும். 646 = 2 × 17 × 19 என்பதால் 19-ஆம் அடுக்கில் 647 வெளிவரும்; 982 = 2 × 491, அதனால் 983 சிக்காது. ஏற்காட்டில் மூன்றாம் அடுக்கிலேயே 7 கிடைக்கும். ஆனால் இடையில் மீ.பொ.வ. பார்க்காமல் 19 வரை ஓட்டினால் மூன்று காரணிகளும் ஒன்றாகச் சிக்கி, விடையாக 636601 என்றே திரும்பி வரும்.