மூணு வருஷம் ஒரே அம்மோனியா புரோபுடன்

நாகப்பட்டினம் பக்கத்தில் ஒரு சின்ன தண்ணீர்ப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். வருவதில் பாதிக்கு மேல் இறால் குட்டைத் தண்ணீர். அம்மோனியா அளக்க மூணு வருஷமாக வாயு உணரும் எலக்ட்ரோடு, அதாவது இந்தப் புரோப்தான். முனையில் தண்ணீர் புகாத, வாயு மட்டும் புகும் மெல்லிய சவ்வு, அதாவது மெம்பரேன். உள்ளே அம்மோனியம் குளோரைடு கரைசல். அதற்குள் ஒரு கண்ணாடி பி.எச். எலக்ட்ரோடு. தண்ணீரில் காஸ்டிக் சோடா விட்டு பி.எச்.சை 11க்கு மேல் ஏற்றினால் அம்மோனியம் எல்லாம் வாயுவாக மாறி உள்ளே போய் பி.எச்.சை மாற்றும். அதைத்தான் மீட்டர் மில்லிவோல்ட்டில் காட்டுகிறது.

வாங்கின முதல் வாரம் நான் செய்த கூத்தை இன்னும் சொல்லிச் சிரிப்பார்கள். மெம்பரேன்களுக்கு நடுவில் வைத்திருந்த கலர் காகிதத்தை மெம்பரேன் என்று மாட்டிவிட்டேன். அரை நாள் ரீடிங் ஓடிக்கொண்டே இருந்தது. முனையை டிஷ்யூவில் ஒற்றினால் ஒவ்வொரு தடவையும் ஈரம், உள்ளே இருந்த கரைசல் கசிந்துகொண்டிருந்தது. புதுசு மாட்டியதும் இன்றைக்கும் முதலில் அந்த ஒற்றல்தான். நடுப்பகுதியில் விரல் படக்கூடாது, சுருக்கமும் விழக்கூடாது. புரோபை நேராக விடாமல் கொஞ்சம் சாய்த்து விட்டால் முனையில் காற்றுக்குமிழ் தங்காது.

பத்து மடங்கு வித்தியாசமுள்ள இரண்டு ஸ்டாண்டர்டுக்கு (அம்மோனியா அளவு தெரிந்த கரைசல்) இடையே 25 டிகிரியில் 54 முதல் 60 மில்லிவோல்ட் வரவேண்டும். போன வருஷம் எனக்கு லிட்டருக்கு 10 மில்லிகிராம் ஸ்டாண்டர்டுக்கும் 1க்கும் நடுவே 55 வந்தது, 1க்கும் 0.1க்கும் நடுவே வெறும் 38. மெம்பரேனை மூணு தடவை மாற்றினேன். கரைசலையும் மாற்றினேன். அதே 38. ஒரு மெம்பரேன் என்ன விலை தெரியுமா, வயிறு எரிந்தது.

அப்புறம்தான் கையேட்டை ஒழுங்காகப் படித்தேன். உள்ளிருக்கும் கண்ணாடி எலக்ட்ரோடைத் தனியே எடுத்து, கொஞ்சம் உப்பு சேர்த்த பி.எச். 7 பஃபரிலும் (பி.எச். நிலையாக நிற்கும் கரைசல்) 4 பஃபரிலும் வைத்துப் பார்க்கணும். 150 மில்லிவோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் வந்தால் கண்ணாடிக்கு ஒன்றுமில்லை. எனக்கு 170 வந்தது. ஆக புரோப் நல்லா இருக்கு, கோளாறு வெளியே. டிஸ்டில்டு வாட்டர் கேன் எங்கே இருக்கிறது என்று பார்த்தால், தரை துடைக்கும் அம்மோனியா கலந்த லிக்விட் பாட்டிலுக்குப் பக்கத்தில், மூடி அரைகுறையாகத் திறந்தபடி. ஸ்டாண்டர்டு கலக்கும் அந்தத் தண்ணீரிலேயே லிட்டருக்கு 0.15 மில்லிகிராம் அளவு அம்மோனியா இருந்தால் 0.1 ஸ்டாண்டர்டு 0.25 ஆகிவிடும். 10க்கு அது ஒரு பொருட்டே இல்லை. கீழ்ப்பக்கம் மட்டும் சரிந்ததற்குக் காரணம் அதுதான். புதுத் தண்ணீரில் ஸ்டாண்டர்டு போட்டதும் இரண்டு பக்கமும் 57.

குட்டைத் தண்ணீரில் வேறொரு சிக்கல். 100 மில்லிக்கு ஒரு மில்லி 10 மோலார் காஸ்டிக் என்பது நல்ல தண்ணீருக்குச் சரி. கடல் உப்பளவு உள்ள தண்ணீரில் மக்னீசியமே அந்த ஒரு மில்லியையும் குடித்துவிடும். பால் மாதிரி வெள்ளையாகக் கலங்கும், பி.எச். ஏறாது, அம்மோனியா குறைவாகக் காட்டும். நான் இப்போது இரண்டு மில்லி விட்டு, பி.எச். தாளில் ஒரு சொட்டு வைத்துப் பார்க்கிறேன். ஸ்டாண்டர்டுக்கும் அதே இரண்டு மில்லி. காஸ்டிக் விட்டதும் உடனே அளந்துவிட வேண்டும். டீ குடித்துவிட்டு வந்தால் வாயு கொஞ்சம் பறந்திருக்கும்.

"காலையில ஒண்ணு சொன்னீங்க, சாயங்காலம் ஒண்ணு சொல்றீங்களே தம்பி, மெஷின் ரிப்பேரா?" என்று பண்ணைக்காரர் ஒருவர் கேட்டார். "மெஷின் சரியாத்தாண்ணே இருக்கு, சாம்பிளை எதுல கொண்டு வந்தீங்க?" என்றேன். முதல் பாட்டில் ஐஸ் பெட்டியில் வந்தது. இரண்டாவது பைக் பெட்டியில் மத்தியானம் முழுக்க வெயிலில் கிடந்தது. இன்னொன்றும் அவரிடம் சொன்னேன்: புரோப் காட்டுவது மொத்த அம்மோனியா. இறாலைக் கொல்வது அதில் வாயுவாக இருக்கும் பங்கு. 30 டிகிரி நல்ல தண்ணீரில் பி.எச். 8ல் அது சுமார் 7 சதவீதம், 9ல் 40க்கு மேல். உப்புத் தண்ணீரில் சற்றே குறையும். அதனால் குட்டைக் கரையிலேயே பி.எச்.சும் வெப்பமும் எழுதி வரச் சொல்கிறேன்.

வாரத்துக்கு இரண்டு சாம்பிள்தான் என்றால் இதை வாங்காதீர்கள், மருந்து விட்டு நிறத்தை வைத்துப் பார்க்கும் கலர் கிட் போதும். தினமும் பத்துக்கு மேல், அதுவும் பச்சையாகக் கலங்கிய தண்ணீர் என்றால் இதுதான் வசதி, நிறம் இதற்குத் தொந்தரவில்லை. ராத்திரி காஸ்டிக் கலக்காத 10 ஸ்டாண்டர்டில் நிற்க வைக்கிறேன். பொங்கல் லீவு மாதிரி நாலைந்து நாள் என்றால் கழற்றிக் கழுவிக் காயவைத்துப் பெட்டியில்.