விண்டோஸ் 11: பழையதன் மேலேயே ஏற்றுவதா, அழித்துவிட்டுப் புதிதாகப் போடுவதா?

திருமங்கலத்தில் அக்கா வீட்டு முன்னறையில்தான் மச்சானின் டிடிபி வேலை. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி எல்லாம் ஒரே கம்ப்யூட்டரில். விண்டோஸ் 10-க்கு வழக்கமாக வந்த இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. "ஃபார்மேட் அடிச்சுப் புதுசா போட்டுரலாமா மாப்ள?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

புதிதாகப் போடுவதில் நன்மை இல்லாமல் இல்லை. பல வருடக் குப்பை போய்விடும், வைரஸ் சந்தேகம் உள்ள மெஷினுக்கு அதுதான் சரி. விண்டோஸ் ஏற்கெனவே முறையாக ஆக்டிவேட் ஆகியிருந்தால், அந்த உரிமம் பெரும்பாலும் மதர்போர்டோடு ஒட்டியிருக்கும். அதனால் திரும்ப விலைக்கு வாங்க வேண்டியதில்லை. ஆனால் மச்சானின் மெஷினில் பாமினி, வானவில் எழுத்துருக்கள் குவிந்து கிடக்கின்றன. அவை எல்லா மெஷினிலும் தமிழாகவே தெரியும் பொதுமுறையான யூனிகோட் அல்ல. எழுத்துரு இல்லாவிட்டால் பழைய பத்திரிகை ஃபைலைத் திறந்ததும் மணமகன் பெயர் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் தெரியும். எழுத்துரு, பிரிண்டர் டிரைவர், பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டு, டேலி டேட்டா என்று ஒவ்வொன்றையும் நாமே ஞாபகம் வைத்து எடுக்க வேண்டும். ஒன்று விட்டாலும் போச்சு.

மேலேயே ஏற்றினால் இவையெல்லாம் பெரும்பாலும் அப்படியே இருக்கும். பழைய விண்டோஸ் 'விண்டோஸ்.ஓல்டு' என்ற ஃபோல்டரில் ஒதுங்கி நிற்கும். பிடிக்கவில்லை என்றால் 10 நாளுக்குள் செட்டிங்ஸில் ரெக்கவரிக்குப் போய்ப் பழையதற்கே திரும்பலாம். இடத்தை அடைக்கிறதே என்று அந்த ஃபோல்டரை அவசரப்பட்டு அழித்தால் அந்த வழி அடைபட்டுவிடும். குறை என்னவென்றால், பழைய கோளாறும் சேர்ந்தே வரும். டிஸ்க்கிலும் காலியிடம் வேண்டும். நான் 30 ஜிபியாவது ஒதுக்காமல் தொடங்க மாட்டேன்.

எந்த வழியானாலும் முதலில் காப்பி. இதில் நான் பட்டிருக்கிறேன். சில வருடம் முன்பு ஒரு கடையில் 'சி டிரைவை மட்டும்' என்று சொல்லிக் கொடுத்தேன். 'டி'-யும் சேர்ந்து அழிந்து வந்தது. அப்பாவின் அறுபதாம் கல்யாணப் போட்டோ ஒன்றுகூட மிஞ்சவில்லை.

காப்பிக்கு கூகுள் டிரைவா, எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கா? கூகுளில் இலவசமாக 15 ஜிபி, அதிலேயே ஜிமெயிலும் அடங்கும். ஒன்டிரைவில் 5 ஜிபிதான். பத்திரம், மார்க் ஷீட் ஸ்கேன்களுக்கு அது போதும். போட்டோவுக்கும் வீடியோவுக்கும் ஹார்டு டிஸ்க்தான் என் தேர்வு. காப்பி ஆனதும் நாலைந்து ஃபைலைத் திறந்து பார்த்துவிட்டு, கேபிளைக் கழற்றி பீரோவில் வைத்துவிடுங்கள். இன்ஸ்டால் நடக்கும்போது அது மெஷினில் செருகியிருக்கவே கூடாது.

அப்புறம், உங்கள் மெஷின் விண்டோஸ் 11-ஐ ஏற்குமா என்று பாருங்கள். 4 ஜிபி ராம், 64 ஜிபி டிஸ்க், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி, நம்பகமான மென்பொருளை மட்டும் தொடங்கவிடும் செக்யூர் பூட் வசதி வேண்டும். இன்டெல் என்றால் ஏறத்தாழ எட்டாம் தலைமுறையிலிருந்துதான் அனுமதி. மைக்ரோசாஃப்ட்டின் 'பிசி ஹெல்த் செக்' இலவசமாகவே சொல்லிவிடும். 'டிபிஎம் இல்லை' என்று வந்தால் உடனே மனம் தளர வேண்டாம். மெஷின் தொடங்கும்போதே திறக்கும் அமைப்புத் திரையான பயாஸில் அது அணைந்து கிடக்கலாம். இன்டெல் போர்டில் பிடிடி, ஏஎம்டியில் எஃப்டிபிஎம் என்று பெயர் இருக்கும். டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் ஓடுகிற லேப்டாப்பாக இருந்தால், பயாஸைத் தொடும் முன் அந்தப் பூட்டைத் திறக்கும் எண்ணான ரெக்கவரி கீயைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

மெஷின் ஏற்கவே இல்லை என்றால், குறுக்கு வழியில் ஏற்றுவதை நான் சொல்ல மாட்டேன். 2026 அக்டோபர் 13 வரை விண்டோஸ் 10-க்குப் பாதுகாப்பு அப்டேட்டை நீட்டிக்கப் பதிவு செய்யும் வழியை மைக்ரோசாஃப்ட் கொடுத்தது. அந்த அவகாசத்தில் வேறு மெஷினுக்குப் பணம் சேர்க்கலாம்.

டவுன்லோட் 5 ஜிபிக்குக் குறையாது. தினம் 2 ஜிபி தரும் போன் ரீசார்ஜை நம்பி உட்காராதீர்கள். டெஸ்க்டாப்புக்கு யுபிஎஸ் வேண்டும், அதன் பேட்டரியும் தாங்க வேண்டும். பாதியில் கரண்ட் போனால் விண்டோஸ் எழாமலே போகலாம். மச்சானுக்கு நாள் குறிக்கும்போது செய்தித்தாளில் திருமங்கலம் பகுதி மின்தடை அறிவிப்பைப் பார்த்துவிட்டு, முகூர்த்தம் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமையாக எடுத்தோம். அன்றைக்குப் பத்திரிகை கேட்டு யாரும் வரமாட்டார்கள்.