குத்தாமல் சர்க்கரை அளக்கும் என்று விற்கப்படும் கைக்கடிகாரத்தை நம்பாதீர்கள்

எனக்கு 13 வயதில் டைப் 1 நீரிழிவு வந்தது. இப்போது 24 வயது. நாளுக்கு நான்கு முறை இன்சுலின் போடுவதைவிட, அலுவலகக் கேண்டீனில் எல்லோர் முன்னிலையிலும் விரலைக் குத்துவதுதான் எனக்குக் கூச்சமாக இருந்தது. சர்க்கரையைத் தொடர்ந்து அளக்கும், தோலில் ஒட்டும் சென்சாரை இரண்டு வாரத்துக்கொன்று வாங்க என் சம்பளம் இடம்கொடுக்கவில்லை. ஒரு சொட்டு ரத்தமும் இல்லாமல் சர்க்கரை அளவைச் செல்பேசிச் செயலிக்கு அனுப்பும் என்ற விளம்பரத்தை நம்பி, 3,499 ரூபாய்க்கு ஒரு ஸ்மார்ட் வாட்ச் வாங்கினேன்.

முதல் வாரம் அதன் எண்கள் குளுக்கோமீட்டரோடு ஓரளவு ஒத்துப்போனதால், குத்திப் பார்ப்பதைக் குறைத்துக்கொண்டேன். மூன்றாம் வாரத்தில் ஓர் இரவு, கை நடுங்கிச் சட்டை நனையுமளவு வியர்த்தபோது வாட்ச் 126 என்று காட்டியது. களைப்பு என்று எண்ணிப் படுக்கப்போன என்னை அம்மாதான் வற்புறுத்திக் குத்திப் பார்க்க வைத்தார். மீட்டரில் 46. எழுபதுக்குக் கீழே இறங்கினாலே தாழ்சர்க்கரை. 54-க்குக் கீழே என்றால் ஆபத்து. அம்மா அன்று சொல்லாமல் இருந்திருந்தால் என்ற நினைப்பு இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

மறுநாள் சோதித்துப் பார்த்தேன். மதியம் ஒன்றும் சாப்பிடாதபோதும் இரண்டு மணிக்கு அது 148-க்கு ஏறியது. சுருட்டிய துண்டின் மேல் கட்டினேன். துண்டுக்கும் 109 என்றது. தோலில் ஒட்டும் சென்சாரிலிருந்து வரும் அளவை வெறுமனே திரையில் காட்டும் கைக்கடிகாரங்களை நான் குறை சொல்லவில்லை. தோலைத் துளைக்காமல் தானே அளப்பதாகச் சொல்லும் எந்தக் கைக்கடிகாரத்துக்கும் மோதிரத்துக்கும் தான் அனுமதி அளிக்கவில்லை என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியிலேயே எச்சரித்திருந்தது. வாங்கிய பிறகுதான் அதைப் படித்தேன்.

பத்து நாள் கெடு முடிந்துவிட்டது என்று விற்றவர்கள் பணம் தர மறுத்தார்கள். மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல என்ற வரி செயலியின் விதிமுறைகளுக்குள் பொடி எழுத்தில் இருக்கிறதாம். விளம்பரத்தில் அது எங்குமே இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன்.

உங்கள் வீட்டில் யாராவது இதைக் கட்டிக்கொண்டு இன்சுலின் அளவை முடிவு செய்கிறார்கள் என்றால், அடுத்த ஊசிக்கு முன்பாகவே மீட்டரில் ஒருமுறை பார்த்துவிடச் சொல்லுங்கள்.