கூப்பிட்டால் நாய் வர: மின் காலர் நல்லதா, தின்பண்டம் நல்லதா?

மின் காலர் என்பது நாய்க்குக் கட்டும், மின் அதிர்ச்சி தரும் கழுத்துப் பட்டை. அதில் இரண்டு உலோக முனைகள் கழுத்துத் தோலைத் தொட்டபடி இருக்கும். ரிமோட்டை அழுத்தினால் சுருக்கென்று மின்சாரம் பாயும். தூரத்தில் ஓடும் நாயையும் எட்டும் என்பதுதான் இதன் பலம். ஆனால் அந்த வலியை நாய் எதோடு முடிச்சுப் போடும் என்பது நம் கையில் இல்லை. சைக்கிளைப் பார்த்த நொடியில் அழுத்தினால், சைக்கிள்தான் வலிக்கக் காரணம் என்று நினைத்துக்கொள்ளும். அடுத்த முறை சைக்கிளைக் கண்டாலே உறுமும், இல்லையென்றால் பதுங்கும். நாள் முழுக்கக் கட்டிவைத்தால் முனைகள் அழுத்தித் தோல் புண்ணாகும். பிரிட்டனின் வேல்ஸில் 2010-லேயே இதற்குத் தடை வந்துவிட்டது.

வந்தால் தின்பண்டம் கொடுத்துப் பழக்கும் வெகுமதி முறைக்கு 5 முதல் 10 மீட்டர் கயிறு, மார்புப் பட்டை, பட்டாணி அளவுத் தின்பண்டத் துண்டுகள் போதும். கயிற்றைக் கழுத்துப் பட்டையில் மாட்டாதீர்கள். ஓடுகிற வேகத்தில் கழுத்து வெட்டி இழுக்கும். வீட்டுக்குள் 2 மீட்டரில் தொடங்கி, ஒரே ஒரு முறை கூப்பிடுங்கள். தலை திரும்பிய கணமே ‘சபாஷ்’ சொல்லி, வந்ததும் கொடுங்கள். பத்துக்கு எட்டு முறை வந்தால் தூரத்தைக் கூட்டலாம்.

வாரக்கணக்கில் ஆகும், உண்மைதான். பலருக்கு இது கெடுவது ஒரே இடத்தில்: ஓடி வந்த நாயைத் திட்டுவது, அல்லது வந்ததும் விளையாட்டை முடித்துக் கட்டி இழுத்துப் போவது. வந்தால் நஷ்டம் என்று அது கற்றுக்கொள்ளும். ஐந்து முறை கூப்பிட்டால் நான்கு முறை தின்னக் கொடுத்து மறுபடி ஓட விடுங்கள். பயந்த சுபாவமுள்ள நாய்க்கு மின் காலர் வேண்டவே வேண்டாம்.