மணிக்கட்டா, இடுப்பா, சட்டைப்பையா? காலடிக் கணக்கில் எதை நம்புவது

ஸ்மார்ட் வாட்ச் கட்டியிருப்பது கையில். அது எண்ண வேண்டியது கால் வைக்கும் அடிகளை. எல்லாச் சிக்கலும் இங்கேதான் தொடங்குகிறது. உள்ளே இருக்கும் முடுக்கமானி மூன்று திசைகளிலும் அசைவை அளக்கிறது. சீரான இடைவெளியில் ஏறி இறங்கும் அலை தெரிந்தால், அதை நடை என்று மென்பொருள் முடிவு செய்கிறது. கை வீசி நடப்பவருக்கு இந்த ஊகம் நன்றாகவே பலிக்கும். கை வீசாதவர் பாடுதான் திண்டாட்டம்.

இடுப்பில் மாட்டும் பெடோமீட்டருக்கு, அதாவது அடி எண்ணும் சிறு கருவிக்கு, இந்த வம்பு இல்லை. ஒவ்வொரு அடிக்கும் இடுப்பு ஒருமுறை ஏறி இறங்கியே தீரும். கை சும்மா இருந்தாலும் அதற்குக் கவலையில்லை. நூறு அடிக்கு மூன்றுக்கு மேல் பிழை கூடாது என்பது பெடோமீட்டர்களுக்கான ஜப்பானியத் தொழில் தரம். 2015-இல் 'ஜாமா' மருத்துவ இதழில் ஒரு சிறு சோதனை வெளியானது. 14 பேரை டிரெட்மில்லில் மணிக்குச் சுமார் 4.8 கிலோமீட்டர் வேகத்தில் நடக்கவிட்டு, பல கருவிகளை ஒப்பிட்டார்கள். இடுப்புக் கருவிகள் உண்மைக்கு மிக அருகில் நின்றன. கைபேசிகளின் பிழை இரு பக்கமும் ஏழு சதவீதத்துக்குள் அடங்கியது. மணிக்கட்டில் கட்டிய நைக் ஃப்யூயல்பேண்ட் ஐந்தில் ஓர் அடிக்கு மேல் தவறவிட்டது. அந்தக் கைப்பட்டை இன்று விற்பனையில் இல்லை, மென்பொருளும் வெகுவாக முன்னேறிவிட்டது. ஆனால் சமமான பட்டையில் ஒரே வேகத்தில் நடப்பது எந்தக் கருவிக்கும் எளிதான தேர்வு என்பதையும் மறக்கக் கூடாது. வீடும் கடைத்தெருவும் டிரெட்மில் அல்ல.

கைபேசியைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. பேன்ட் பையில் இருக்கும்போது அது நல்ல கணக்கர். வீட்டுக்குள் அதை மேசையில் வைத்துவிட்டு நடப்பவர்களுக்கும், புடவையில் பையே இல்லாததால் கைப்பையில் போட்டு வைப்பவர்களுக்கும், பாதி நாள் கணக்கிலேயே வராது.

இனி மணிக்கட்டு. சூப்பர் மார்க்கெட்டில் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு நடந்தால் கை அசையாது. எண்ணிக்கை சட்டென்று குறையும். குழந்தை வண்டி தள்ளினாலும், பூங்காவில் பெரியவர்கள் சிலர் நடப்பதுபோலக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாலும், கடிகாரம் கட்டிய கையால் கைபேசியைக் காதில் வைத்துப் பேசியபடி நடந்தாலும் இதே கதைதான். சமையலறைக்கும் கூடத்துக்கும் இடையே நாலைந்து அடி போய் வருவதும் பெரும்பாலும் விடுபடும். தொடர்ந்து பத்து அடியாவது வைத்தால்தான் நடை என்று பல கருவிகள் ஏற்றுக்கொள்கின்றன. இது திட்டமிட்ட கஞ்சத்தனம். இல்லையென்றால் கை அசைவது எல்லாம் நடையாகிவிடும். அப்படியும் தேங்காய் துருவும்போதும் பஜனையில் தாளம் போடும்போதும் சில அடிகள் இலவசமாகச் சேர்கின்றன. கூடுவதும் குறைவதும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும் என்று சிலர் ஆறுதல் சொல்வார்கள். நாள் முழுக்கத் தள்ளுவண்டியோடு வேலை செய்பவருக்கு எது சரிக்கட்டும்?

அதிகம் உழைக்கும் கையில் கட்டுவதாக இருந்தால், அமைப்புகளில் அதைத் தெரிவித்துவிடுங்கள். சில நிறுவனங்களின் மென்பொருள் அந்தக் கைக்கு உணர்திறனைக் குறைத்துக்கொள்கிறது.

மெல்ல நடப்பவர்களுக்கு மணிக்கட்டை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஊன்றுகோலோ வாக்கரோ பிடித்து, பாதத்தை இழுத்து இழுத்து வைக்கும் முதியவரின் கையில் எழும் அலை மிகச் சிறியது. கருவி அதை அடியாகவே மதிப்பதில்லை. அந்த வேகத்தில் இடுப்புக் கருவியும் தடுமாறும். ஆய்வாளர்கள் இத்தகையோருக்குக் கணுக்காலில் கட்டும் கருவியைத் தேர்ந்தெடுப்பது அதனால்தான்.

இன்னொன்று. மூப்படைந்த பெண்களில் நாளுக்கு சுமார் 4,400 அடி நடந்தவர்களிடமே இறப்பு அபாயம் குறைந்திருந்தது, 7,500-க்கு மேல் பலன் கூடவில்லை என்று 2019-இல் வந்த அமெரிக்க ஆய்வைப் பலர் மேற்கோள் காட்டுகிறார்கள். அதில் அடிகளை எண்ணியது இடுப்பில் கட்டிய கருவி. உங்கள் மணிக்கட்டு காட்டும் 7,500-உம் அந்த 7,500-உம் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை.

இத்தனைக்கும் பிறகு, சாதாரணமாக நடமாடும் ஒருவருக்கு என் தேர்வு மணிக்கட்டுதான். துல்லியத்தில் இடுப்பு வெல்கிறது, சந்தேகமே இல்லை. ஆனால் இடுப்புக் கருவி நேற்றைய பேன்ட்டோடு அழுக்குக் கூடைக்குப் போய்விடும். கையில் இருப்பது இரவும் பகலும் கூடவே இருக்கும். எடுத்துச் செல்ல மறந்த கருவியின் பிழை நூறு சதவீதம். நேற்றைவிட இன்று கூடுதலாக நடந்தோமா என்று பார்ப்பதற்கு, ஒரே மாதிரி தவறும் கருவியே போதும். ஒரே வீட்டில் இருவர் இரண்டு நிறுவனக் கடிகாரங்களை வைத்துக்கொண்டு போட்டி போடுவதில்தான் அர்த்தமில்லை.

உங்கள் கடிகாரம் எந்த ரகம் என்று அறிய ஆய்வகம் தேவையில்லை. வலது கால் தரையைத் தொடுவதை மட்டும் நூறு வரை எண்ணுங்கள். திரையில் 200 அடி கூடியிருக்க வேண்டும். முதலில் கை வீசி, பிறகு தள்ளுவண்டி பிடித்து, இறுதியாக மெதுவாக நடந்து பாருங்கள். தள்ளுவண்டியில் மட்டும் பெரிய ஓட்டை தெரிந்தால், அந்த நேரத்துக்குக் கைப்பட்டையைக் கழற்றிப் பேன்ட் பையில் போட்டுக்கொள்ளலாம். இதயத் துடிப்புக் கணக்கு விட்டுப்போகும், சில கடிகாரங்கள் பூட்டிக்கொள்ளவும் கூடும். மற்றவற்றில் அடிகள் வந்து சேரும்.