சாக்கில் கட்டிய சீட்டா, மலை இலக்கமா? எஸ்இலினக்ஸும் ஆப்ஆர்மரும்

இலங்கை மலையகத்தில், தலவாக்கலைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் இரண்டு லினக்ஸ் சர்வர்கள் என் பொறுப்பில் இருக்கின்றன. ஒன்று, கொழுந்து நிறுக்கும் கொட்டகைகளான மடுவங்களில் உள்ள மின்னணுத் தராசுகளிலிருந்து நிறையை வாங்கிப் பதிகிறது. மற்றது, அதை வைத்துச் செக்ரோல் என்ற சம்பளப் பட்டியலைப் போடுகிறது. யாருக்கு முழுப்பேர் (முழு நாள் சம்பளம்), யாருக்கு அரைப்பேர் (அரை நாள் சம்பளம்) என்பது இந்த இரண்டுக்கும் நடுவே முடிவாகிறது. அட்டைக்கடியோடும் மழையோடும் மலையில் நின்றவரின் ஒரு நாள் சம்பளம் அது. ஆகவே இந்தச் சர்வர்களில் பின்னணியில் ஓடும் ஒரு நிரலை, அதாவது சர்வீஸை, யாராவது உடைத்து நுழைந்தாலும், அதன் வேலைக்கு அப்பால் ஓர் அடிகூட நகர முடியாதபடி அதைக் கட்டி வைத்தே ஆக வேண்டும்.

சாதாரணக் கோப்பு அனுமதிகள் இதற்குப் போதாது. கோப்பின் உரிமையாளர் நினைத்தால் அனுமதியைத் திறந்துவிடலாம்; எல்லா அதிகாரமும் உள்ள ரூட் பயனரையோ அவை தடுப்பதே இல்லை. எஸ்இலினக்ஸும் ஆப்ஆர்மரும் தரும் கட்டாய அணுகல் கட்டுப்பாடு அதற்கு மேல் இன்னொரு காவல். சாதாரண அனுமதி சரியென்று சொன்ன பிறகும் இயங்குதளத்தின் மையமான கர்னல் தனியாக ஒரு கொள்கையைப் பார்க்கும். அதில் இடமில்லை என்றால் ரூட்டாக ஓடும் சர்வீஸுக்கும் கதவு திறக்காது.

லினக்ஸில் இதற்குப் பெரிய வழிகள் இரண்டு. அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமை 2000-இல் வெளியிட்ட எஸ்இலினக்ஸ், 2003-இல் 2.6 கர்னலுக்குள் வந்தது. ரெட் ஹாட் குடும்பத்தில் அதுவே இயல்பு. ஆப்ஆர்மர் 2010-இல் 2.6.36 கர்னலோடு சேர்ந்தது. உபுண்டுவிலும், டெபியன் 10 முதல் டெபியனிலும் இயல்பாகவே இயங்குகிறது. ஸ்மாக், டோமோயோ என்று வேறு இரண்டும் உண்டு. எங்களைப் போன்ற இடங்களில் அவற்றைத் தேர்ந்தெடுக்க எனக்குக் காரணம் தெரியவில்லை.

இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை எங்கள் ஊர் வழக்கில் சொல்லலாம். கொழுந்துச் சாக்கு ஒன்று வருகிறது. அது எந்த மலையில் கிடந்தது என்று பார்த்து உள்ளே விடுவது ஆப்ஆர்மர். கோப்பின் பாதைதான் அதற்கு அடையாளம். சாக்கின் கழுத்தில் கட்டிய சீட்டைப் படித்து விடுவது எஸ்இலினக்ஸ். சாக்கை எங்கே தூக்கிப் போட்டாலும் சீட்டு கூடவே போகும். ஒவ்வொரு கோப்புக்கும், ஓடும் ஒவ்வொரு செயலுக்கும் (ப்ராசஸ்), வலைத் தொடர்பின் வாசலான போர்ட் எண்ணுக்கும்கூட அதில் லேபிள் என்ற அந்தச் சீட்டு உண்டு.

ரெட் ஹாட் குடும்பத்தைச் சேர்ந்த ராக்கி லினக்ஸ் 9 ஓடும் சம்பளச் சர்வரில் ஒரு மின்வெட்டுக்குப் பிறகு நடந்தது இது. பழைய பிரதியிலிருந்த ஒரு கோப்பை என் வீட்டு அடைவிலிருந்து (ஹோம்) வலைப்பக்கங்களைத் தரும் அப்பாச்சியின் அடைவுக்கு எம்வி கட்டளையால் நகர்த்தினேன். உரிமையாளர் சரி, அனுமதி சரி, ஆனால் பக்கம் திறக்கவில்லை. ஆடிட் பதிவில் எஸ்இலினக்ஸ் தடுத்ததைச் சொல்லும் ஒரே ஒரு ஏவிசி மறுப்பு வரி: படிக்க வந்தது அப்பாச்சியின் லேபிளான ‘எச்டிடிபிடி_டி’, கோப்பின் லேபிள் ‘யூசர்_ஹோம்_டி’. எம்வி கோப்போடு அதன் சீட்டையும் கொண்டுபோய்விட்டது. சிபி கட்டளையால் நகல் எடுத்திருந்தால் புதிய அடைவின் லேபிள் கிடைத்திருக்கும். லேபிளை இடத்துக்கேற்பத் திருத்தும் ரீஸ்டோர்கான் ஓட்டியதும் ஒரு நொடியில் சரியாயிற்று.

இதே செயல் உபுண்டு 22.04 ஓடும் தராசுச் சர்வரில் நடந்தபோது எந்தச் சத்தமும் எழவில்லை. அடையாள அட்டை எண்களும் வங்கிக் கணக்கு எண்களும் உள்ள ஒரு விரிதாளை யாரோ அவசரத்தில் நிறைப் பதிவு அடைவுக்குள் நகர்த்தியிருந்தார்கள். அந்த அடைவில் உள்ள அனைத்தையும் வாசிக்கலாம் என்று ஆப்ஆர்மரின் விதிக் கோப்பான ப்ரொஃபைலில் நானே எழுதியிருந்தேன். சர்வீஸை யாராவது கைப்பற்றியிருந்தால் அந்த விரிதாளும் அவர்கள் கைக்குப் போயிருக்கும். வேறொரு வேலையாக அடைவைப் பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது. எஸ்இலினக்ஸைத் தொல்லை என்று திட்டுபவர்கள் இந்த இரண்டு சம்பவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். எனக்குத் தொல்லை கொடுத்த அதே கண்டிப்புதான் அந்த விரிதாளைக் காப்பாற்றியிருக்கும்.

அப்படியானால் தராசுச் சர்வரையும் எஸ்இலினக்ஸுக்கு மாற்றாதது ஏன்? அங்கே ஓடுவது நாங்களே பைதானில் எழுதிய சர்வீஸ். எஸ்இலினக்ஸ் அமலில் இருப்பதாலேயே சொந்தச் சர்வீஸ் கட்டுப்பட்டுவிடாது. கொள்கை எழுதப்படாத சர்வீஸ் பெரும்பாலும் ‘அன்கன்ஃபைண்ட்_சர்வீஸ்_டி’ என்ற வகையில் ஏறக்குறையத் தடையே இல்லாமல் ஓடும். ஓடும் செயல்களைக் காட்டும் பிஎஸ் கட்டளையில் பெரிய இசட் சேர்த்துப் பார்த்தால் இது தெரியும், பலர் பார்ப்பதில்லை. அப்பாச்சிக்கும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்துக்கும் தேர்ந்தவர்கள் எழுதிய கொள்கை லினக்ஸ் வினியோகத்தோடு கூடவே வருகிறது. சம்பளச் சர்வரில் எஸ்இலினக்ஸைப் பாவிப்பதற்கு அதுவே முதல் காரணம். சொந்தச் சர்வீஸுக்கோ வகைகள், கோப்பு லேபிள்கள், ஒரு வகையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் விதிகள் எல்லாவற்றையும் நாமே எழுதித் தொகுக்க வேண்டும். பதிவான மறுப்புகளிலிருந்து ஆடிட்2அலோ கருவி கக்கும் அனுமதி விதிகளைப் படிக்காமல் ஏற்றுவது, தாக்குபவர் தட்டிய கதவுக்கும் சேர்த்து அனுமதி எழுதிக் கொடுப்பதாகிவிடும்.

ஆப்ஆர்மரில் என் ப்ரொஃபைல் இருபத்தைந்து வரிகளுக்குள் முடிந்தது. நிறை அடைவில் வாசிக்க, எழுத. அமைப்புக் கோப்பை வாசிக்க மட்டும். வேறு எந்த நிரலையும் இயக்க அனுமதி இல்லை. முதலில் முறைப்பாட்டு நிலையில் ஒரு வாரம் ஓடவிட்டேன். அதில் மீறல்கள் பதிவாகுமே தவிரத் தடுக்கப்படமாட்டா. பிறகு அந்தப் பதிவைப் படிக்கும் ஏஏ-லாக்ப்ரொஃப் கருவி காட்டிய ஒவ்வொரு வரியையும் படித்துச் சேர்த்தேன். எனக்குப் பின் வரும் பையனும் இதைப் படித்து விளங்கிக்கொள்வான். மழை கொட்டும் நாளில் மேலேயிருந்து தொலைபேசியில் உதவி கேட்பவருக்கு அது பெரிய விடயம்.

இரண்டு பொறிகளை மட்டும் சொல்லிவிடுகிறேன். ப்ரொஃபைல் ஏற்றப்படுமுன் தொடங்கிய செயல், மறுபடி தொடங்கும்வரை கட்டுக்குள் வராது. பைதான் இன்டர்பிரெட்டரை அழைத்து ஸ்கிரிப்டை ஓட்டினால் ஸ்கிரிப்டின் பாதைக்கு எழுதிய ப்ரொஃபைல் ஒட்டாது. சர்வீஸைத் தொடக்கும் சிஸ்டம்டி யூனிட் கோப்பில் ஆப்ஆர்மர்ப்ரொஃபைல் வரியில் அதன் பெயரைக் கொடுக்க வேண்டும். இரண்டையும் ஏஏ-ஸ்டேட்டஸ் கட்டளை காட்டிக்கொடுக்கும்.

வலைப்பின்னலில் ஆப்ஆர்மர் பின்தங்குகிறது. உபுண்டு 22.04-இல் டிசிபி என்ற வலைத் தொடர்பு முறை வேண்டும், வேண்டாம் என்று சொல்லலாம். போஸ்ட்கிரெஸின் 5432-ஆம் போர்ட்டுக்கு மட்டும் என்று சொல்ல முடியாது. அதை ஃபயர்வாலில் தனியாகப் பூட்டியிருக்கிறேன்.

நான் முன்பு வேலை செய்த ஓரிடத்தில் ஒரு பக்கம் திறக்காததற்காக எஸ்இலினக்ஸ் முழுவதையும், மீறலைப் பதிவதோடு நிற்கும் தளர்நிலைக்கு மாற்றி, எட்டு மாதம் அப்படியே விட்டிருந்தார்கள். சிக்கலைத் தேட, சந்தேகப்படும் ஒரு வகையை மட்டும் எஸ்இமேனேஜ் கட்டளை கொண்டு தளர்த்தினால் மற்றவை காவலில் இருக்கும். தராசுச் சர்வரில் அந்த விரிதாள் கிடந்த அடைவுக்கு இப்போது ப்ரொஃபைலில் ‘எல்லாக் கோப்பும்’ என்று பொருள்படும் நட்சத்திரக் குறி இல்லை. நிறைக் கோப்புகளின் பெயர் வடிவம் மட்டுமே இருக்கிறது.